கிராமக் கணக்கும் சர்க்கார் கொள்கையும்

விவசாயத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாத ராஜாங்கம் நம் தேசத்தில் என்றுமே இருந்ததில்லை. ஆனால், அபிப்பிராயம் சொல்லுமுன் குடியானவனுடைய வரவு செலவை அவன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து கேட்டறிய வேண்டும் என்ற எண்ணமும், அவ்வாறு அறிந்ததைச் சிதறவிடாமல் காத்துச் சட்டம் செய்கிறவர்கள் முன்னிலையில் வைப்பதற்கு நிலையான ஸ்தாபனங்கள் வேண்டும் என்ற எண்ணமும் மிகவும் பிற்காலத்தில் தோன்றியவை. சென்னை ராஜதானியில் இவ்விரண்டு எண்ணங்களும் உதித்து வளர்ந்த சரித்திரத்தைக் கட்டடத் திறப்பு விழாக்களைக் கொண்டு எழுதிவிட முடியாது. ஒரே கேள்வியை ஒரே ஊரில் தலைமுறைதோறும் சலியாமல் கேட்டவர்களைக் கொண்டே எழுத வேண்டும்.

சர்க்காரிடம் கிராமத்தைப் பற்றிய கணக்கு இல்லாமலில்லை. கர்ணம் எழுதிய அடங்கலும் சிட்டாவும், வருஷந்தோறும் நடந்த ஜமாபந்தியும் ஒவ்வொரு வயலின் தரத்தையும் தீர்வையையும் அணா பைசா சுத்தமாகக் காட்டின. நிலம் சர்க்காருக்கு என்ன செலுத்த வேண்டும் என்பது அவற்றில் இருந்தது; நிலத்தை உழுதவன் லேவாதேவிக்காரனுக்கு என்ன செலுத்த வேண்டும் என்பது எதிலும் இல்லை. 1865-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய சோதனைப் பண்ணையும், அதன் வழிவந்து கோயம்புத்தூரில் நிலைபெற்ற விவசாயக் கல்லூரியும் விதையையும் எருவையும் மண்ணையும் ஆராய்ந்தனவேயன்றி, விளைந்ததை விற்றவன் கையில் என்ன மிஞ்சிற்று என்று விசாரிப்பதைத் தங்கள் கடமையாகக் கொள்ளவில்லை. தாது வருஷப் பஞ்சம் லக்ஷக்கணக்கான உயிர்களைக் கொள்ளைகொண்ட பிறகு கூடிய பஞ்சக் கமிஷன், 1880-ல், மாகாணந்தோறும் விவசாய இலாகா வேண்டும் என்று வற்புறுத்தியது. கடனைப் பற்றிய முதற்பெரும் விசாரணை அதற்கும் பின்னரே நடந்தது. ஃபிரெடரிக் நிக்கல்ஸன் என்ற சிவில் அதிகாரி விவசாய பாங்குகளைப் பற்றி 1895-லும் 1897-லும் சமர்ப்பித்த இரண்டு பாகங்கள் கொண்ட அறிக்கை, 1904-ல் பிறந்த கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு வழிகாட்டிற்று. அதே வருஷத்தில் திருவள்ளூருக்கு அருகே திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் ஒன்று ஏற்பட்டது. விசாரணை சட்டமாகலாம் என்பது தெரிந்துவிட்டது. ஆயினும், அந்த விசாரணை ஒரு தனி மனிதருடைய முயற்சி. அவர் வேறு வேலைக்குப் போனால், கேட்ட கேள்வியும் அவருடனேயே போய்விடும்.

கேள்வியை மனிதரிடமிருந்து பிரித்து ஒரு ஸ்தாபனத்தின் சொத்தாக்கியவர் கில்பர்ட் ஸ்லேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளருக்கென்று ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்தவர். இங்கிலாந்தின் பொது நிலங்கள் வேலியடைக்கப்பட்ட சரித்திரத்தை எழுதியவர். சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக அவர் வந்து சேர்ந்த காலத்தில், பொருளாதார சாஸ்திரம் என்பது சீமைப் புஸ்தகங்களை நெட்டுருப் பண்ணும் வித்தையாக இருந்தது. அவர் மாணாக்கர்களிடம் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குச் செல்லும்போது அவரவர் ஊரிலேயே விடைகளைச் சேகரித்து வரும்படி பணித்தார். நிலம் யாருடையது, குத்தகையா வாரமா, ஏர் எத்தனை, மாடு எத்தனை, கூலி தானியமா ரொக்கமா, கடன் யாரிடம், வட்டி என்ன என்று கேட்டறிந்து அவர்கள் எழுதி வந்தவற்றைத் தொகுத்து, 1918-ல் ஒரு நூலாகப் பிரசுரித்தார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டு தூசி, தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சி, ராமநாதபுரம் ஜில்லாவின் வடமலாபுரம், திருநெல்வேலி கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் இவ்விதமாகவே பொருளாதார சாஸ்திரத்தில் பிரவேசித்தன.

கல்லூரி வரையில் பிள்ளையைப் படிக்கவைக்கக்கூடிய குடும்பம் பெரும்பாலும் நிலமுடைய குடும்பமாக இருந்த காலம் அது. ஆகவே, தெருவில் எல்லா வீட்டுக்கும் சுலபமாகப் போய்வந்த மாணாக்கன், சேரிக்குள் நுழைந்து கூலிக்காரனைச் சமமாக வைத்துப் பேசி விவரம் அறிந்திருப்பான் என்று எண்ணுவதற்கில்லை. எனினும், இருவேல்பட்டில் கல்யாணச் செலவுக்காக ஒரு சிறு தொகையைக் கடன் வாங்கியவன் அதைத் தீர்க்க வகையின்றி மிராசுதாரிடம் படியாளாகவே காலந்தள்ளிய கொடுமை அந்த நூலில் பதிவாகிவிட்டது. எந்த அடங்கலிலும் இடம்பெறாத செய்தி அது. எழுதியவர்களின் பார்வைக்கு எல்லை இருந்தாலும், கேட்கப்பட்ட கேள்வி அந்த எல்லையைத் தாண்டிச் சென்றது.

ஏறக்குறைய அதே வேளையில் புனாவில் ஹரால்ட் மான் ஒரு தக்ஷிணக் கிராமத்தை ஆராய்ந்து 1917-ல் வெளியிட்டார். பஞ்சாபில் பொருளாதார விசாரணைக்கென்றே ஒரு போர்டு 1919-ல் ஏற்பட்டது. இவையெல்லாம் தேசமெங்கும் பரவும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு, 1926-ல் லின்லித்கோ பிரபுவின் தலைமையில் நியமனமான விவசாய ராயல் கமிஷன் பெரிய ஏமாற்றத்தையும் ஒரு பெரிய நன்மையையும் சேர்த்தே அளித்தது. அதன் சிபாரிசின்படி விவசாய ஆராய்ச்சிக்கென்று ஓர் அகில இந்தியக் கவுன்ஸில் 1929-ல் தோன்றிற்று. ஆனால் நிலவுடைமை, குத்தகை, நிலத்தீர்வை, நீர்வரி ஆகியவற்றைப் பற்றி சிபாரிசு செய்யக் கூடாது என்று கமிஷனின் கைகள் ஆரம்பத்திலேயே கட்டப்பட்டிருந்தன. சர்க்காரே நியமிக்கும் சபை, சர்க்காருக்குச் சங்கடமான கேள்வியைக் கேட்க முடியாது என்பது இதனால் வெட்டவெளிச்சமாயிற்று. அந்தக் கேள்விகளைச் சுமக்கும் பொறுப்பு சர்வகலாசாலைகளுக்கும் விவசாயிகளின் சங்கங்களுக்கும் வந்து சேர்ந்தது.

அதற்குள் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்விலையைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிட்டது; தீர்வையும் வட்டியும் மட்டும் பழைய அளவிலேயே நின்றன. ராஜதானியின் கிராமக் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930-ல் பாங்கிங் விசாரணைக் குழு மதிப்பிட்டிருந்தது; 1935-ல் சத்தியநாதன் என்ற அதிகாரியின் அறிக்கை அதை 200 கோடி என்று கணித்தது. இக்கணக்குகள் கண்ணெதிரே இருந்தமையால், ராஜாஜியின் மந்திரிசபை 1938-ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைத் துணிந்து கொண்டுவர முடிந்தது. 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களில் 1937 அக்டோபர் முதல் தேதியன்று நின்ற வட்டிப் பாக்கி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ள வேண்டும். அச்சட்டம் அமுலுக்கு வந்த மறுவருஷமே அண்ணாமலைச் சர்வகலாசாலைப் பேராசிரியர் பி. வி. நாராயணஸ்வாமி நாயுடு, அதன் பலாபலன்களை ஆராய்ந்து தம் சகாவுடன் சேர்ந்து ஒரு நூல் வெளியிட்டார். சட்டத்துக்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சி காவல் நிற்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அந்தக் காலத்தில் கிடைப்பது அரிது.

சென்னையிலோ, பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. ஸி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் கிராமங்களுக்கே மீண்டும் ஆட்களை அனுப்பி, 1940-ல் மறு ஆய்வை வெளியிட்டார்கள். புதிய ஊர்களைத் தேடிப் புகழ் பெறுவது எளிது. பழைய ஊருக்குத் திரும்பிப் போய், முந்தியவர் எழுதியதோடு ஒப்பிட்டுத் தாம் எழுதியதைச் சோதித்துக்கொள்வது கடினம். ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் திறமை என்று நாம் சொல்வது இந்தத் திரும்பிச் செல்லும் பழக்கத்திலேயே பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

ஆராய்ச்சியோடு பரிந்து பேசும் வேலையையும் ஒருவரே மேற்கொண்டதற்கு என். ஜி. ரங்கா சாட்சி. ஆக்ஸ்போர்டில் பயின்று, பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து, கிராமப் பொருளாதார அமைப்பைப் பற்றி நூலெழுதிய அவர், பிறகு தம் சொந்த ஊராகிய நிடுப்ரோலுவில் குடியானவர்களுக்கே ஒரு பாடசாலை நிறுவி ஊழியர்களைத் தயார் செய்தார். 1936-ல் அகில இந்திய கிஸான் சபையை ஸ்தாபித்தவர்களில் ஒருவரானார். 1939-ல் பம்பாயில் மணிலால் நானாவதி தொடங்கிய விவசாயப் பொருளாதாரச் சங்கமோ, மாகாணந்தோறும் தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்த அறிஞர்களை வருஷாந்தர மகாநாடுகளில் ஒன்றுகூட்டிற்று.

சுதந்திரத்துக்குப் பின் இந்த முயற்சிகளுக்கு ராஜாங்கத்தின் நிலையான பொருளுதவி கிடைத்தது. 1954-ல் மத்திய விவசாய மந்திரி இலாகா டில்லி, புனா, சாந்திநிகேதன், சென்னை ஆகிய இடங்களில் விவசாயப் பொருளாதார ஆராய்ச்சி நிலையங்களை ஏற்படுத்தியது. அதே வருஷம் ஆறு மாகாணங்களில் பண்ணை நிர்வாக ஆய்வுகள் தொடங்கின. சென்னை மாகாணத்தில் சேலமும் கோயம்புத்தூரும் தெரிந்தெடுக்கப்பட்டன. கிராமத்திலேயே குடியிருந்த கணக்காளர், குறிப்பிட்ட பண்ணைகளுக்கு நாள்தோறும் சென்று, இன்று ஏர் எத்தனை நாழிகை ஓடிற்று, மாடு கட்டிக் கவலை இறைத்தவர் யார், வீட்டுப் பெண்கள் களையெடுத்தார்களா, கூலியாள் வந்தானா என்று விசாரித்து எழுதினார். கையிலிருந்து ரொக்கமாகவும் பொருளாகவும் போன செலவு ஒருவகை. அதனோடு குத்தகையைச் சேர்த்தால் இன்னொருவகை. சொந்த நிலத்தின் வாடகைக்கும் முதலின் வட்டிக்கும் மதிப்புப் போட்டுச் சேர்த்தால் வேறொருவகை. குடும்பத்தார் உழைப்பையும் கூலியாக மதித்தால் முழுச் செலவு. ஏ, பி, ஸி என்று இவற்றுக்கு இட்ட பெயர்கள் அன்று நிபுணர்களின் பரிபாஷையாகவே இருந்தன. சிறு பண்ணையில் ஏக்கர் ஒன்றுக்கு விளைச்சல் அதிகமாயிருப்பதை இந்த ஆய்வுகளிலிருந்து எடுத்துக்காட்டி, 1962-ல் அமர்த்தியா ஸென் எழுப்பிய விவாதம் பல்லாண்டுகள் நீடித்தது.

சி. சுப்பிரமணியம் உணவு மந்திரியாயிருந்தபோது, 1965-ல், எம். எல். தாந்த்வாலாவின் தலைமையில் விவசாய விலைக் கமிஷன் அமைந்தது. அதன் பிறகு உற்பத்திச் செலவென்பது ஏட்டிலிருந்து அரசியலுக்குள் இறங்கிவிட்டது. எந்தக் கோவை ஜில்லாவில் கவலை இறைப்பைக் கணக்கெடுத்தார்களோ, அதே ஜில்லாவில் மின்சாரப் பம்புகள் பெருகி, 1970-ல் யூனிட்டுக்கு 8 காசாயிருந்த கட்டணம் 10 காசாக உயர்த்தப்பட்டபோது, சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். 1972-ல் கோவை நகரத் தெருக்களை மாட்டு வண்டிகளால் அடைத்தார்கள். இரண்டு காசு அற்பமென்று பட்டணத்தார் நினைத்தார்கள். செலவைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த குடியானவன் அவ்வாறு நினைக்கவில்லை. 2004-ல் எம். எஸ். சுவாமிநாதன் தலைமையில் அமைந்த தேசிய விவசாயிகள் கமிஷன், உற்பத்திச் செலவுக்கு மேல் பாதியாவது கூட்டி விலை தரவேண்டும் என்று சொன்னபின், எந்தச் செலவு என்ற கேள்வியே போராட்டமாயிற்று. முன்பு நிபுணர்களின் ஏட்டில் கிடந்த எழுத்துக்கள் இன்று விவசாயிகளின் பதாகைகளில் காணப்படுகின்றன.

இதற்கிடையே, மால்கம் ஆதிசேஷையா 1971-ல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில், தமிழக நிதித்துறைச் செயலராயிருந்து ஆராய்ச்சிக்கு வந்த எஸ். குஹன், ஸ்லேட்டரின் ஊர்களுக்கு மறுபடியும் வழிதிறந்தார். 1981-ல் இருவேல்பட்டு மீண்டும் ஆராயப்பட்டது. 2008-ல் இன்னொரு முறை. பெருநிலக் குடும்பத்தின் ஆதிக்கம் 1981-லும் நிலைத்திருந்ததை முதலாவது ஆய்வு கண்டது. அது தளர்ந்து, சேரி மக்கள் பழைய பிடியிலிருந்து பெருமளவு விலகியிருந்ததை இரண்டாவது ஆய்வு கண்டது. ஒரே கேள்வியைத் தொண்ணூறு ஆண்டுகள் கேட்டிராவிட்டால், இந்த மாறுதலின் வேகத்தையோ தாமதத்தையோ யாரும் அளந்து சொல்லியிருக்க முடியாது.

ஆனால் இச்சரித்திரத்தில் ஒரு குறை நீடிக்கிறது. பண்ணைக் கணக்கில் கூலிக்காரனுடைய ஊதியம் செலவுப் பத்தியில் வருகிறது. அவனுடைய வரவும், வேலையற்ற நாட்களும் அந்த ஏட்டில் இல்லை. 1950-51-ல் நடந்த விவசாயத் தொழிலாளர் விசாரணை அவனைத் தனியே கணக்கிட்டதென்றாலும், விலைக் கமிஷனின் வாசலில் பேசிய குரல் விற்பதற்கு நெல்லும் பருத்தியும் வைத்திருந்தவருடைய குரலாகவே இருந்தது. நிலமுடையவன் தன் கணக்கைத் தானே ஏந்தி வாதாடக் கற்றுக்கொள்ள அரை நூற்றாண்டு ஆயிற்று. நிலமில்லாதவனும் தன் கணக்கைத் தானே எழுதி, அதைச் சட்டசபைக்கு எடுத்துச் செல்லும் நாள் வரும்வரையில், ஸ்லேட்டரின் மாணாக்கர்கள் தொடங்கிய வேலை பாதியே முடிந்திருப்பதாகக் கொள்ளுவதுதான் நியாயம்.