பூண்டுக் காட்டுத் துணைவினையும் ஆங்கில ஃபிரேசல் வெர்பும்

கொடைக்கானலை அடுத்த பள்ளங்கியின் பூண்டுக் காடுகளில் ‘பிடுங்கு’ என்பது ஒரு வேலை. ‘பிடுங்கிப் போடு’ என்பது வேறு. ‘பிடுங்கி வை’ என்பது இன்னும் வேறு. முதலாவது செயலை மட்டும் சொல்கிறது. இரண்டாவது, பிடுங்கியதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போகச் சொல்கிறது. மூன்றாவதில் பின்னால் வரப்போகும் தேவை ஒன்று, மூட்டை கட்டுவதோ வியாபாரி வருவதோ, அடங்கியிருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் இந்த வட்டாரத்துப் பிள்ளைக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. கேட்டுக் கேட்டே பிடிபட்டுவிடுகிறது. அதே பிள்ளையிடம் பள்ளியில் ‘கிவ் அப்’, ‘கிவ் இன்’, ‘கிவ் அவே’ என்று ஒரு பட்டியலை நீட்டி மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இவை போன்ற ஆங்கில ஃபிரேசல் வெர்பைக் கற்பதற்கு வேண்டிய இலக்கண உணர்வு தமிழ்ப் பிள்ளையிடம் ‘போடு’, ‘வை’ போன்ற துணைவினை வடிவில் ஏற்கெனவே இருக்கிறது என்பதும், அகரவரிசைப் பட்டியல் அதைப் பயன்படுத்தாமல் வீணடிக்கிறது என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

பட்டியல் முறைக்கு ஆதரவாக ஒன்றைச் சொல்லலாம்: கற்க வேண்டியவை கணக்கற்றவை அல்ல. கார்ட்னரும் டேவிஸும் 2007இல் பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தை ஆராய்ந்தபோது, மிகுதியாக வழங்கும் 25 ஃபிரேசல் வெர்புகளே மொத்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருந்தன. 100ஐ எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல். ஆனால் அந்த நூற்றுக்கும் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பொருள்கள் இருப்பதையும் அதே ஆய்வு காட்டியது. இடர் இங்கேதான். கிவ் தெரியும், அப் தெரியும், ஆகவே கிவ் அப்பும் தெரியும் என்று கண் நம்பிவிடுகிறது. அறியாத சொல் என்ற எச்சரிக்கையே எழுவதில்லை. பட்டியலோ ஒவ்வொன்றையும் உறவற்ற தனிச்செய்தியாகத் தருகிறது.

தமிழ்த் துணைவினை அப்படித் தனிச்செய்தியாக மனத்தில் தங்குவதில்லை. ‘விடு’ முடிவைத் தருகிறது, ‘வை’ முன்னேற்பாட்டை, ‘கொண்டிரு’ தொடர்ச்சியை. சொல்பவரின் மனநிலைகூட அதில் ஏறும் என்பதை இ. அண்ணாமலை தமிழ் வினைவிரிவு பற்றிய தம் 1985ஆம் ஆண்டு ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ‘வந்து தொலை’ என்பதில் வருகையைவிடச் சலிப்புதான் பெரிது. க்ரியா அகராதி இத்துணைவினைப் பொருள்களைத் தனியே பிரித்துக் காட்டியது, அவை ஒழுங்குடையவை என்பதற்குப் போதிய சான்று. அப், ஆன் போன்ற ஆங்கிலத் துணைச்சொல்லும் வினைக்குப் பின்னேதான் வருகிறது. அதுவும் பல இடங்களில் வினையின் போக்கைத்தான் மாற்றுகிறது. ஈட் அப், டிரிங்க் அப், யூஸ் அப் மூன்றிலும் அப் செய்வது ‘தின்று தீர்’ என்பதில் ‘தீர்’ செய்யும் வேலை. கோ ஆன், கேரி ஆன், கீப் ஆன் மூன்றிலும் ஆன் செய்வது ‘பேசிக்கொண்டே போ’ என்பதில் ‘போ’ செய்வது. வினையை வைத்து அடுக்காமல் துணைச்சொல்லை வைத்து அடுக்கினால், ஒரு வரிசையைப் படித்த பிள்ளை முன்பின் பாராத அடுத்த சொல்லையும் ஊகிக்க முடியும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எபிரேய மொழியில் இவ்வமைப்பு இல்லாததால் அம்மொழியினர் ஃபிரேசல் வெர்பைத் தவிர்க்கிறார்கள் என்று டகட்டும் லாஃபரும் 1985இல் எழுதினார்கள். ஆனால் 1989இல் ஹுல்ஸ்டைனும் மார்ச்செனாவும் டச்சு மாணவர்களை ஆராய்ந்தபோது, தாய்மொழியில் இதே அமைப்பு இருந்தும் அவர்கள் மரபுத்தொடர்த் தன்மை மிகுந்த சிலவற்றைத் தவிர்த்தது தெரிந்தது. அப்படியானால் தாய்மொழி ஒற்றுமையால் என்ன பயன்? அந்த முடிவை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். டச்சு மாணவர் எல்லாவற்றையும் தவிர்க்கவில்லை. தம் மொழிக்கே உரியதாகத் தோன்றிய பொருள் ஆங்கிலத்தில் செல்லுமா என்ற ஐயமே அவரைத் தடுத்தது. ஐயத்தைத் தீர்ப்பது ஆசிரியரின் வேலை. எது செல்லும், எது செல்லாது என்று தமிழிலேயே வெளிப்படையாகப் பேசினால்தான் தீரும். ஆங்கில வகுப்பில் தமிழ் கூடாது என்பவர்கள், பிள்ளையின் மனத்தில் நடக்கும் ஒப்பீட்டைத் தடுப்பதில்லை. திருத்த ஆளில்லாமல் அதை நடக்க விடுகிறார்கள்.

ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ‘விடு’ ஒன்றுக்கு ஆங்கிலத்தில் அப், ஆஃப், அவே, அவுட் நான்கும் வரலாம். எது எங்கே என்பதைத் தமிழ் சொல்லித்தராது. அதைவிடப் பெரிய இடையூறு சொல்வரிசையில் இருக்கிறது. பிக்கப், செக்கப், பிரேக்டவுன் என்று தமிழில் புழங்குபவை எல்லாம் ஒட்டிய ஒரே பெயர்ச்சொல்லாகவே வந்திருக்கின்றன. ‘பஸ் ஸ்டாண்டில் பிக்கப் பண்ணிக்கலாம்’ என்று சுற்றுலாப் பயணியிடம் பேசும் கொடைக்கானல் ஓட்டுநருக்கு அது பிரியக்கூடிய சொல்லே அல்ல. தமிழில் வினைக்கும் துணைவினைக்கும் இடையிலும் ‘தூக்கியே விட்டான்’ என்று ஓர் ஏகாரமோ உம்மையோ நுழையுமே தவிர, செயப்படுபொருள் நுழையாது. ஆங்கிலமோ ‘பிக் ஹிம் அப்’ என்று பிரதிப்பெயரை நடுவில் வைத்தே தீர வேண்டும் என்கிறது. பொருளுக்காக இப்போது மனப்பாடத்தில் செலவாகும் வகுப்பு நேரத்தை இந்த இடத்துக்கு மாற்ற வேண்டும்: ஹிம், ஹர், இட், தெம் நான்கையும் மாற்றி மாற்றி நடுவில் வைத்து, வாய்விட்டுச் சொல்லும் பயிற்சியாக.