பேர் இல்லாத வரி

செஞ்சின்னு சொன்னதும் ராஜா தேசிங்கு கதையை எதிர்பார்ப்பீங்க. இன்னைக்குக் கோட்டைக்குள்ள போகல.

டவுனுக்கு வடக்கே திருநாதர்குன்று இருக்கு. 24 தீர்த்தங்கரர்களையும் செதுக்கின பாறை அங்கதான். அதே குன்றில் ஒரு கல்வெட்டு: சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் துறந்த இடம் இதுன்னு சொல்லுது. எழுத்தை வெச்சு சுமார் 1,400 வருஷப் பழசுன்னு கணிக்கிறாங்க. ஒரு ஆளோட மரணப் பதிவுதானே அது? பேர் இருக்கு, நாள் கணக்கு இருக்கு, வருஷம் மட்டும் இல்லை.

நம்ம பாட்டி காலத்துப் பிறப்புப் பதிவேடு நேர் எதிர். தேதி இருக்கும், பேர் இருக்காது.

மெட்ராஸ் மாகாணத்துல 1899-லேயே பிறப்பு, இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்தாச்சு. கிராமத்துல எழுதுறவர் முன்சீப். குழந்தை பிறந்ததும் போய்ச் சொல்லுவாங்க, பேர் வைக்கிறது அப்புறம்தான். அதனால 'பெண் குழந்தை', அப்பா பேர், ஊர், அவ்வளவுதான். பேர் வெச்ச பிறகு யாரு திரும்பப் போய் எழுதச் சொல்றாங்க?

எங்க ஆயாவுக்கு ஒரு தங்கச்சி. பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. ஆயா கடைசி வரைக்கும் அதைச் 'சின்னது'ன்னுதான் சொல்லும். அந்தப் பிள்ளை உலகத்துல இருந்ததுக்கு எழுத்துல ஏதாவது இருந்தா, அது இப்படி ஒரு பேர் இல்லாத வரியாத்தான் இருக்கும். டேட்டாபேஸ் பாஷைல சொன்னா நேம் ஃபீல்டு காலி. அதனால பேரை வெச்சுத் தேடாதீங்க. அப்பா பேர், ஊர், உத்தேச வருஷம், இந்த மூணும் கொடுங்க. வருஷத்துக்கு முன்னும் பின்னும் ரெண்டு வருஷம் சேர்த்தே கேளுங்க. பழைய தாள்ல ஜில்லா தென்னார்க்காடுன்னு இருக்கும். விழுப்புரம் மாவட்டம் 1993-ல வந்ததுதான்.

கல்யாணத்துக்கு இதுகூடக் கிடையாது. எல்லாத் திருமணத்தையும் பதியணும்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்ததே 2009-ல. விவாகரத்து இன்னும் மோசம். மெட்ராஸ்ல இந்துக்களுக்கு அதுக்குத் தனிச் சட்டம் 1949-லதான் வந்தது. அதுக்கு முன்னாடி பல சாதிகள்ல ஊர்ப் பஞ்சாயத்து கூடித் தீர்த்துவிடும். பேச்சோட சரி, தாள் இல்லை. 'ரெண்டாம் தாரம்'னு வீட்டுல முணுமுணுக்கிற கதைக்கு கோர்ட்டுல ஆதாரம் தேடிப் பிரயோஜனமில்லை.

ஆனா நிலம் கைமாறினா பத்திரம் உண்டு. ஒரு பொம்பளை அதுல கையெழுத்தோ கைரேகையோ வெச்சிருந்தா, அவங்க பேர், யார் மனைவி, எந்த ஊர் எல்லாம் எழுதியிருக்கும். சர்வே நம்பர் தெரிஞ்சா முதல்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க.