கரிமச் சாய ஒளிவினையூக்கிகள்

கண்ணுக்குப் புலப்படும் ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலைக் கொண்டு பிற மூலக்கூறுகளை வினைபுரியச் செய்யும் சாயங்களே கரிமச் சாய ஒளிவினையூக்கிகள். இயோசின் ஒய், ரோஸ் பெங்கால், மெத்திலீன் நீலம், அக்ரிடினியம் உப்புகள் ஆகியவை இவ்வகையில் முக்கியமானவை. 2008இல் வேதியியலர்கள் நிசெவிக்ஸும் மேக்மில்லனும் ருத்தேனியச் சேர்மத்தைக் கொண்டு ஒளிவினையூக்கத் துறைக்குப் புத்துயிர் ஊட்டினர். ஆனால் ருத்தேனியம் அரிய உலோகம், விலையும் அதிகம். சாயங்களோ ஏற்கெனவே நம் தாம்பரம் பகுதியில் புழங்குபவை. 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை காசநோய்ச் சிகிச்சைக்குப் பேர்பெற்றது. அந்நோய்க்கான சளிப் பரிசோதனையில் பின்னணி நிறம் தருவது மெத்திலீன் நீலம். திசுக்களைச் சாயமேற்றும் ஆய்வகங்களில் இயோசின் அன்றாடப் பொருள். ஆகவே பசுமை வேதியியலைத் தென்சென்னைக் கல்லூரிகளில் தொடங்க உலோகத்தைவிடச் சாயமே ஏற்றது.

இதற்கு வலுவான சான்று 2012இல் வந்தது. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் வேதியியலர் கோனிக்கின் குழுவில் இருந்த துர்கா பிரசாத் ஹரியும் சக ஆய்வாளர்களும் பச்சை எல்.இ.டி. ஒளியில், ஒரு மோல் சதவீத இயோசினைக் கொண்டு, அறை வெப்பநிலையிலேயே ஃபியூரான், தயோபீன் போன்ற வளையங்களில் அரைல் தொகுதியை இணைத்தனர். ஒளியால் கிளர்வுற்ற இயோசின் டையசோனியம் உப்புக்கு ஓர் எலக்ட்ரானைத் தருகிறது. நைட்ரஜன் வெளியேறி அரைல் தனிஉறுப்பு பிறந்து வளையத்தோடு சேர்கிறது. அந்த இடைநிலையிடமிருந்து எலக்ட்ரானைத் திரும்பப் பெற்று இயோசின் பழைய நிலையை அடைகிறது. ஹரி பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆசிரியரானார்.

சாயங்கள் ஒளியிலேயே வெளுத்துவிடும் என்ற மறுப்பு உண்மைதான். நீண்ட வினைகளில் அது பெருங்குறை. ஆனால் வலிமையில் சாயங்கள் பின்தங்கியவை அல்ல. வேதியியலர் ஃபுகுசுமியின் குழு 2004இல் அறிவித்த அக்ரிடினியம் உப்பு, கிளர்வு நிலையில் ருத்தேனியச் சேர்மத்தைவிட மிக வலிய ஆக்சிஜனேற்றி. இன்னொரு மறுப்பு இப்பகுதிக்கே உரியது: தோல் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட குரோம்பேட்டை, பல்லாவரத்தில் இன்னொரு சாயக் கழிவா? அந்த அச்சம் நியாயமானது. வினையூக்கியாகத் தேவைப்படும் அளவு மிகச் சிறிது என்பது பாதிப் பதில்தான். மீதிப் பதில் 1973இலேயே கிடைத்தது: ரோஸ் பெங்காலைப் பாலிஸ்டைரீன் மணிகளில் பிணைத்தால் வினை முடிந்ததும் வடிகட்டி மீட்டு மீண்டும் பயன்படுத்தலாம். ஆனாலும் கரைப்பான் கழிவையும் விளக்குக்கான மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்காமல் எந்த வினையையும் பசுமையானது என அழைக்கக் கூடாது. தாம்பரம் முதல் காட்டாங்குளத்தூர் வரையுள்ள கல்லூரிகள், மணியில் பிணைத்த சாயத்தைக் கொண்டு ஓர் ஒளிவினையையாவது இளங்கலைச் செய்முறைப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.