கோலகங்சாரில் ஒரு மரமும் ஒரு கல்லூரியும்

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவருள் ஆக்ஸ்போர்டையோ கேம்பிரிட்ஜையோ காணாமல் திரும்புவோர் மிகச் சிலரே. இரயிலை விட்டு இறங்கியதும் அவர்களுட் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது?" இதற்கு அங்கே நேரான விடை கிடையாது. பல்கலைக்கழகம் என்று சுட்டிக்காட்டத்தக்க ஒற்றைக் கட்டடம் அந்நகரங்களில் இல்லை. தனித்தனி மதிலும் வாயிலும் உள்முற்றமும் கொண்ட கல்லூரிகள் பல நகரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவையெல்லாம் சேர்ந்ததே பல்கலைக்கழகம். வாயிற்காவலர் இசைந்தாலன்றி உள்ளே செல்ல இயலாது. தேர்வுக் காலத்தில் பல வாயில்கள் அடைபட்டிருக்கும். முற்றத்துப் புல்லை மிதிக்கும் உரிமைகூடப் பெரும்பாலும் கல்லூரி ஆசான்களுக்கே உரியது. ஆகவே இலண்டனிலிருந்து அரைநாட் பயணமாகச் சென்று கோபுரங்களைப் படம்பிடித்துத் திரும்புவோர் அந்நகரங்களைக் கண்டவர் ஆகார். கால்நடையாகத் தெருத்தெருவாகச் செல்பவர்க்கே அவை தம்மைக் காட்டும்.

ஆக்ஸ்போர்டின் வால்டன் தெருவை இதற்குச் சான்றாகக் கூறலாம். அத்தெருவின் தென்முனையில் உள்ளது வூஸ்டர் கல்லூரி. பேராக் சுல்தான் நஸ்ரின் ஷா அங்குப் பயின்றவர். அவர் பெயர் தாங்கிய கலையரங்க மண்டபம் 2017-இல் அக்கல்லூரி வளாகத்தில் திறக்கப்பெற்றது. அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் நடந்தால், மரங்கள் அடர்ந்த செயின்ட் செபல்கர் இடுகாடு வரும். திருக்குறளை 1886-இலும், நாலடியாரை 1893-இலும், திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் தந்த டாக்டர் ஜி. யு. போப் 1908-இல் மறைந்து அங்கேதான் துயில்கின்றார். பேராக்கின் பெயரும் தமிழின் பெயரும் ஒரே தெருவை ஒட்டி இருக்கின்றன. வழிகாட்டி நூல்கள் பெரிதும் கோபுரங்களையே பேசும். நம் பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதை நாமேதான் தேட வேண்டும்.

அவ்வாறு தேடிக் காணத்தக்க நகரம் ஒன்று பேராக்கிலேயே உண்டு. ஈப்போவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அரச நகராகிய கோலகங்சாரே அது. இது பல்கலைக்கழக நகரமன்று என்பது உண்மையே. ஆயினும் ஆங்கிலேயரின் பல்கலைக்கழக நகரங்களுக்கு வேர் அவர்தம் பள்ளிகளில் இருக்கின்றது. ஆறாம் ஹென்றி மன்னர் 1440-இல் ஈட்டன் பள்ளியை நிறுவினார். மறு ஆண்டே கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியை நிறுவி, பின்னர் இரண்டையும் பிணைத்துவிட்டார். ஆளப் பிறந்தோர் பள்ளியிற் பயின்று பல்கலைக்கழகம் புகுந்து ஆட்சிப் பீடம் ஏறுதல் என்னும் அவ்வழியை மலாயாவிலும் நடவேண்டும் என்று ஆங்கில அதிகாரிகள் எண்ணினர். கூட்டு மலாய் மாநிலங்களின் பள்ளி ஆய்வாளராக விளங்கிய ஆர். ஜே. வில்கின்சன் முன்னின்று முயல, 1905-இல் கோலகங்சாரில் மலாய் உறைவிடப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர் மலாய்க் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 'கிழக்கின் ஈட்டன்' என்பது அதற்கு வழங்கும் பட்டப்பெயர். நாட்டின் இரண்டாம் பிரதமர் துன் அப்துல் ரசாக் அதன் மாணவர். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி பர்ஜெஸ் 1954, 55 ஆண்டுகளில் அங்கு ஆசிரியராயிருந்து, அந்நகரையே மாற்றுப் பெயரில் தம் முதல் மலாயா நாவலின் களமாக்கினார்.

இக்கல்லூரியைக் காண விழைவோரும் ஆக்ஸ்போர்டின் ஒழுங்கை நினைவிற் கொள்ளுதல் நலம். இது காட்சிச்சாலையன்று, பிள்ளைகள் தங்கிப் பயிலும் இடம். முன் இசைவு பெறாதவர் சாலையில் நின்றே காணலாம். பரந்த திடலும், அதற்கப்பால் வெண்ணிறத் தூண்வரிசையுமே போதுமானவை. எந்த நாட்டை நினைந்து இது கட்டப்பட்டது என்பதை அத்தூண்களே சொல்லிவிடும். புக்கிட் சண்டானில் 1917-இல் எழுந்த உபுடியா பள்ளிவாசலையும், ஆணியின்றிக் கட்டப்பட்டதெனப் புகழ்பெற்ற கெனாங்கான் அரண்மனையையும் வழிகாட்டிகள் தவறாமல் காட்டுவர். ஈப்போ இரயில் நிலையத்தை வரைந்த ஹப்பக்கே அப்பள்ளிவாசலையும் வரைந்தவர்.

பயணிகள் பலரும் நில்லாமற் கடந்து செல்லும் இடம் ஒன்றுண்டு. மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதிய இரப்பர் மரம் நிற்கின்றது. கோபுரம் இல்லை, தூண் இல்லை, ஒரு பெயர்ப்பலகை மட்டும் உண்டு. ஹென்றி விக்காம் 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுசென்றார். அவற்றில் முளைத்த கன்றுகளுள் 22 மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது, பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் எஞ்சி நிற்பது இது ஒன்றே. காப்பியை நம்பிய அக்காலத் துரைமார் முதலில் இதனை மதிக்கவில்லை. மரம் சாகாதபடி பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, விதைகளைப் பயிரிடுமாறு ஊரூராக வற்புறுத்திய சிங்கப்பூர்ப் பூங்கா இயக்குநர் ரிட்லிக்குக் கிடைத்த பட்டம் 'பைத்தியக்கார ரிட்லி' என்பது! காப்பி விலை வீழ்ந்து மோட்டார் வண்டி பெருகிய பின்னரே பைத்தியம் யார் என்பது தெளிவாயிற்று.

பின்னர் நிகழ்ந்ததைத் தமிழர் அறிவர். கங்காணிமார் கடல் கடந்து சென்று ஆள் திரட்டினர். 1938-இல் இந்திய அரசு தடைசெய்யும் வரை, இம்மரத்தின் வழிவந்த காடுகளுக்குப் பால்வெட்டத் தமிழர் கப்பல் ஏறிய வண்ணம் இருந்தனர். நடந்தே சென்றடையும் தொலைவில் நிற்கின்றன இம்மரமும் அக்கல்லூரியும். ஒன்று ஆள்வோரை உருவாக்கியது. மற்றொன்று லயங்களை உருவாக்கியது. இரண்டையும் ஒரே பொழுதில் காணாதவர் கோலகங்சாரில் பாதியையே காண்கின்றார்.

லயத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாமலில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் கேட்டது பள்ளியை. எத்தகைய பள்ளி என்பதை அது வற்புறுத்தவில்லை. கிராணியோ கங்காணியோ ஆசிரியராய் அமர்ந்த இடங்கள் பல. நான்காம் வகுப்புக்கு மேல் ஏறாத பள்ளிகளே மிகுதி. அப்பால் படிக்க விரும்பிய சிறுவன் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்குச் செல்ல வேண்டும். ஈப்போவில் 1895-இல் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளியும், 1909-இல் தோன்றிய ஆண்டர்சன் பள்ளியும், 1912-இல் எழுந்த செயின்ட் மைக்கேல் பள்ளியும் இருந்தன. தோட்டத்திலிருந்து அவற்றுக்கு உள்ள தூரம் மைலால் மட்டும் அளக்கத்தக்கதன்று. பள்ளிக் கட்டணமும் அதனுட் சேரும்.

அங்ஙனம் நான்காம் வகுப்போடு நின்றவர்களே பல்கலைக்கழகத் தமிழுக்குக் காசு கொடுத்தனர் என்பது நம் வரலாற்றின் வியத்தகு பக்கம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதில் முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற வாதம் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கினார். தோட்டப் பாட்டாளிகளின் சிறுதொகைகளும் அதனுட் சேர்ந்தன. 1956-இல் தொடங்கிய துறையில் தமிழ் இடம் பெற்றது. ஆக்ஸ்போர்டில் கல்லூரிகளைக் கட்டியவர் மன்னரும் ஆயரும் என்பதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்.

கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்குத் திரும்புவோர் நெடுஞ்சாலையை விடுத்துப் பழைய சாலையில் வருதல் வேண்டும். இடையில் வரும் சுங்கை சிப்புட், துன் வீ. தி. சம்பந்தன் 1919-இல் பிறந்த ஊர். அவர் கூலியின் மகனல்லர். 1896-இல் மலாயாவுக்கு வந்து தோட்ட உரிமையாளராய் உயர்ந்த வீராசாமியின் மகன். கோலகங்சார் கிளிப்போர்டு பள்ளியிற் பயின்ற அவர், மேற்படிப்புக்குச் சென்ற பல்கலைக்கழக நகரம் ஆக்ஸ்போர்டன்று, சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுத் திரும்பினார். விடுதலைக்குப் பின் தோட்டத் துண்டாடல் பெருகி, பாட்டாளிகள் வேலையும் லயமும் இழந்து நின்ற காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டவர் அவர். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்று தோட்டந்தோட்டமாகச் சென்று கேட்டார். மறு ஆண்டிலேயே கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் பால்வெட்டுவோரின் உடைமையாயிற்று.

அச்சங்கத்துக்கும் முன்னரே சுங்கை சிப்புட்டில் அவர் கண்டது ஒரு பள்ளி. விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் 1954-இல் திறந்துவைத்த மகாத்மா காந்தி கலாசாலையே அது. தைப்பிங்கின் ஏழாம் எட்வர்டு பள்ளியையும், 1922-இல் மலாய் ஆசிரியர்க்கெனத் தோன்றி 1997-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, இன்று தமிழாசிரியர்க்கும் பட்டம் வழங்கும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் நிறுவனத்தையும் வேறு நாள்களில் காணலாம். கலாசாலையைப் பள்ளி நாளில் காண்பதே நன்று. தோட்டங்கள் பல செம்பனைக் காடாகிவிட்டன. வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்தை விட்டுப் பட்டணம் வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நடுப்பகலில் புத்தகப்பையோடு அதன் வாயிலால் வெளிவருவர்.