காலனும் கணக்கும்

நெஞ்சு திடீரென நின்று ஒருவர் மாண்டால், "காலன் அழைத்தான்" என்று கூறி ஆறுதல் அடைவது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். காலனா அழைத்தான்? அறிவியல் வரலாறு வேறு விடை தருகிறது.

அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் மின்சாரம் பிறப்பதை நாம் அறிவோம். நம் நெஞ்சிலும் மின்சாரம் பிறக்கிறது. அந்த அலை பரவினால்தான் தசை சுருங்கும், குருதி பாயும். அதை அளந்து வரையும் கருவியை 1903-இல் டச்சு அறிஞர் ஐந்தோவன் விளக்கினார். 1952-இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், நம் கடலோர மக்கள் நன்கறிந்த கணவாயின் நரம்பை ஆய்ந்து, அதில் ஓடும் மின்னோட்டத்தைச் சமன்பாடுகளில் அடக்கினர். சோடியமும் பொட்டாசியமும் உயிரணுவுக்குள் புகுவதும் வெளியேறுவதுமே அக்கணக்கின் உயிர். அவ்வழி நின்று 1960-இல், இருபத்தைந்தும் நிரம்பாத டெனிஸ் நோபிள், இலண்டனில் இதயத் துடிப்பைக் கணிப்பொறியிலே பிறப்பித்தார்!

இந்தியா வாளாவிருந்ததா? இல்லை. இதயத்தின் கீழறையில் மின்னலை சுருள் சுருளாய் உடைந்து சிதறினால், தசை ஒன்றுபட்டுச் சுருங்காது நடுங்கும்; சில நிமிடங்களில் சாவு. நெஞ்சு முழுவதையும் பேரதிர்ச்சியால் தாக்காமல், வலைபோல் அமைந்த கோடுகளில் சிறு மின்துடிப்பு தந்தே அதை அடக்கலாம் என 2001-இல் சிதப்ர சின்ஹா, அஷ்வின் பாண்டே, ராகுல் பண்டிட் ஆகியோர் கணக்கால் காட்டினர். சின்ஹா பின்னர் சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் இத்துறையில் ஆய்வைத் தொடர்ந்தார்.

அது கணிப்பொறியில் கண்ட வெற்றி. நோயாளியின் படுக்கை வரை செல்ல வழி நெடிது. அவ்வழி நடக்க ஆள் வேண்டும். இளைஞர்களே, காலனுக்கு அஞ்சிக் குவிந்த கைகள் இனிக் கணக்கேட்டைப் பற்றட்டும்!