பழனிப் பாதையில் இளைப்பாறியவர்கள்

சென்ற இதழில் பாளையங்களின் எல்லைகளைப் பற்றி விரிவாகப் பேசினோம். அவ்வெல்லைகளையெல்லாம் ஊடறுத்துச் சென்ற யாத்திரிகர் பாதைகளையும், அவற்றின் ஓரங்களில் களைத்த கால்கள் இளைப்பாறிய இடங்களையும் இவ்வாரம் காண்போம். பழனிக்கு வடக்கே, தாராபுரம் சீமையை நோக்கிப் பரந்து கிடக்கும் தொப்பம்பட்டிச் சமவெளி இதற்கு மிகவும் உகந்த இடம்; ஏனெனில், பங்குனி உத்திரத்துக்காகக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடி சுமந்து வரும் கொங்குநாட்டு அடியார்கள் வடக்கிலிருந்தும், தைப்பூசத்துக்காகக் குன்றக்குடியில் புறப்பட்டு நத்தம், திண்டுக்கல் வழியாக வேலுடன் நடந்து வரும் நகரத்தார் கிழக்கிலிருந்தும், தலைமுறை தலைமுறையாகப் பழனியை நோக்கி இப்பக்கம் வருகின்றனர்.

விடியலிலும் மாலையிலும் நடந்து, உச்சி வெயிலில் ஒதுங்குவதே அக்காலத்து வழிநடையின் நியதி. அதனால், 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலையோரங்களில் மரம் வைத்துச் சத்திரங்களும் எடுப்பித்தபோது, அந்த நெடிய நண்பகலுக்கும் ஓர் இல்லம் கிடைத்தது என்று சொல்லலாம். சோறும் தண்ணீரும் முடிந்த பின்னர் உறங்கினவர் உறங்க, மற்றவர் என்ன செய்தனர் என்பதைத் தமிழகத்தின் பழைய மண்டபங்கள் பலவற்றின் தளக்கற்களே இன்றும் சொல்லும். குனிந்து பார்ப்பவர்க்கு அங்கே ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகள் தென்படும்.

இருபத்து மூன்று சந்திகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வர வேண்டும். ஓர் ஆட்டுக்கு அப்பால் சந்தி வெறுமையாக இருந்தால் புலி தாவி அதை வெட்டிவிடும். எப்பக்கமும் நகர இயலாதபடி மூன்று புலிகளையும் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கு வெற்றி. காயாகக் கூழாங்கல்லும் புளியங்கொட்டையும் போதும். அரசர் பெயரைப் பொறித்த கல்வெட்டைப் போற்றிப் படியெடுக்கும் நாம், பெயரறியாத வழிப்போக்கன் தன் ஓய்வுப் பொழுதில் கீறிய இக்கோடுகளைச் சாசனமாகக் கருதாமல், தளம் புதுப்பிக்கும்போது சிமெண்ட் பூசி மறைத்துவிடுவது என் நெஞ்சை மிகவும் வருத்துகிறது. அதுவும் சரித்திரம்தான், அந்த மண்டபத்தை மெய்யாகவே அனுபவித்தவன் எழுதிய சரித்திரம்.

இத்தகைய இளைப்பாறலில் ஆட்டம் மட்டுமா நடந்திருக்கும்? ஊர்க்கதையும் கைமாறியிருக்க வேண்டும். கதைக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை. ஒட்டன்சத்திரத்துக்கு அருகிலுள்ள விருப்பாச்சியையே எடுத்துக்கொள்வோம். 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், சிவகங்கை ராணி வேலுநாச்சியார் வந்து அடைக்கலம் புகுந்தது இந்தச் சிற்றூர்ப் பாளையத்தில்தான். அவர் திண்டுக்கல்லில் ஹைதர் அலியின் உதவியைப் பெற்று 1780இல் சிவகங்கையை மீட்கும்வரை, விருந்தோம்பல் என்னும் தர்மத்தைத் தன் உயிருக்கு நேர்ந்த அபாயத்தோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டவர் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர். பின்னர் அவரே கம்பெனியாருக்கு எதிராகப் பாளையக்காரர்களை ஒன்றுகூட்டி, 1801இல் தூக்கிலிடப்பட்டார். இன்று தலையூத்து அருவியில் குளிக்கவென்று வரும் உல்லாசப் பிரயாணிகள், அருகிலிருக்கும் விருப்பாச்சியின் இச்சரிதத்தைக் கேளாமலே திரும்புகின்றனர்.

1928இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரயில் ஓடத் தொடங்கியபின், பல நாள் வழிநடை சில மணி நேரப் பயணமாகச் சுருங்கியது. காவடி எடுப்போரும் பாதயாத்திரை செல்வோரும் மட்டுமே பழைய வழக்கத்தைக் காத்து நிற்கின்றனர்.

வழியோரத்து அந்தப் பழைய இளைப்பாறலை இக்காலத்துக்கு ஏற்ப மீட்க வழியுண்டா? இத்தாலி தேசத்தில் 1985ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். உழவர் தம் பண்ணைவீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, தம் நிலத்தில் விளைந்ததைச் சமைத்துப் பரிமாறி வருவாய் தேடுவதற்கு அது நாடு முழுவதற்கும் ஒரு நெறி வகுத்தது. டஸ்கனியின் திராட்சைத் தோட்டங்களில் தங்குவோர் காலையில் தோட்டத்தில் உலாவி, மாலையில் பக்கத்துக் குன்றின்மேல் உள்ள பழைய கோட்டையைச் சுற்றி வருவர். ஓய்வும் ஊர்ச்சரித்திரமும் அங்கே ஒன்றாகவே நுகரப்படுகின்றன. தென்னந்தோப்பும் முருங்கைத் தோட்டமும் நிறைந்த நம் தொப்பம்பட்டிப் பக்கத்து உழவர்க்கு இது இயலாத காரியமன்று. திண்ணையில் ஓர் ஆடுபுலிக் கட்டம் வரைந்து வைக்கலாம். விருந்தாளியை விருப்பாச்சிக்கு அழைத்துச் செல்லலாம். மறுநாள் பழனிக்குத் தென்மேற்கே பொருந்தலுக்கும் போகலாம். புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே நடத்திய அகழாய்வில் ஈமக்குழி ஒன்றிலிருந்து நெல் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 490 என்று ஆய்வுக்கூடம் கணித்தது. இரவில் இலையில் சோறிடும்போது வீட்டுக்காரர் விருந்தாளிக்குச் சொல்ல வேண்டிய செய்தி அது.

(தொடரும்)