இந்து சமுத்திரத்தின் அடித்தளம்: அறிவின் வரலாறும் கரையோர மக்களும்

அறிவு யாருடைய தேவைக்காகத் திரட்டப்படுகின்றது, யாரைச் சென்றடைகின்றது என்னும் வினாக்களைத் தவிர்த்து விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதுதல் இயலாது. கடலடித்தளம் பற்றிய அறிவு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வறிவின் முக்கியமானதொரு பகுதி எமது இந்து சமுத்திரத்திலேயே பெறப்பட்டது. எனினும் அச்சமுத்திரத்தின் கரையிலே கரைவலை இழுத்து வாழும் கல்முனைக்குடி போன்ற ஊர்களை அது உரிய வேளையிற் சென்றடையவில்லை. இவ்விடைவெளியின் காரணங்களை ஈண்டு நோக்குவோம்.

சமுத்திரங்களுக்கடியில் ஏறத்தாழ 65,000 கிலோமீற்றர் நீளமான மலைத்தொடரொன்று உலகைச் சுற்றிக் கிடக்கின்றது. இந்து சமுத்திரத்தின் வடமேற்கில் அமைந்த அதன் பகுதி கார்ல்ஸ்பேர்க் முகடு எனப்படும். 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய டென்மார்க்கின் ‘டானா’ ஆய்வுக்கப்பல் அதனைக் கண்டறிந்தது. பியர் உற்பத்தியாளர் யாக்கோப்சன் 1876இல் நிறுவிய கார்ல்ஸ்பேர்க் நிதியமே அப்பயணத்துக்குப் பொருளுதவி செய்தது. மதுவாலையின் பெயர் மலைத்தொடரின் பெயராயிற்று. மூலதனம் கடலடியிலும் தன் பெயரைப் பொறித்தமை தற்செயலானதன்று.

இம்முகடுகளிலே கடலோடு புதிதாகப் பிறந்து விரிகின்றதென்னும் கருத்தை அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் ஹரி ஹெஸ் 1962இல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரிற் கடற்படையிற் பணிபுரிந்தவாறே பசுபிக்கின் ஆழத்தை அளந்தவர் அவர். இன்றைய விளக்கத்தின்படி, முகட்டின் உச்சியில் புவியோடு இருபுறமும் விலகுகின்றது. விலகிய இடத்தில் அழுத்தம் குறையவே, ஆழத்திலுள்ள சூடான பாறை மேலெழுந்து ஓரளவு உருகுகின்றது. அக்குழம்பு குளிர்ந்து உறைந்து, பொதுவாக 6 அல்லது 7 கிலோமீற்றர் தடிப்புள்ள புதிய ஓடாகின்றது. அடுத்து வருவதற்கு இடம்விட்டு அதுவும் விலகிச் செல்கின்றது.

இக்கருத்துக்கான சான்று கார்ல்ஸ்பேர்க் முகட்டிலிருந்து கிடைத்தது. உறையும் பாறை அவ்வேளையில் நிலவும் புவிக்காந்தத்தின் திசையைத் தன்னுட் பதித்துக்கொள்கின்றது. புவிக்காந்தமோ காலத்துக்குக் காலம் தலைகீழாக மாறுவது. இறுதியாக அது ஏறத்தாழ 780,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. ஆகவே முகட்டின் இருமருங்கிலும் நேரும் எதிருமான காந்தப் பட்டைகள் மாறிமாறி அமைதல் வேண்டும். பிரித்தானியக் கடற்படையின் ‘ஓவன்’ என்னும் அளவைக்கப்பல் 1962இல் திரட்டிய தரவுகளைக் கொண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வுமாணவர் பிரெட் வைனும் அவர்தம் ஆசிரியர் டிரம்மண்ட் மத்தியூசும் 1963 செப்ரெம்பரில் இதனை விளக்கினர். அதே கருத்தைக் கனடாவின் லோறன்ஸ் மோர்லி எழுதியபோது இரு சஞ்சிகைகள் வெளியிட மறுத்தன. கடலிற் பயன்பட்ட காந்தமானி, நீர்மூழ்கிகளைத் தேடும் போர்த்தேவையால் வளர்ச்சியுற்ற கருவியாகும். ஆதிக்க நாடுகளின் படைத்தேவை, அவை கருதாத உண்மையொன்றை வெளிக்கொணர்ந்தமை மனங்கொள்ளத்தக்கது.

கார்ல்ஸ்பேர்க் முகடு ஆண்டுக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர் வரையே, அதாவது ஏறத்தாழ நகம் வளரும் வேகத்திலேயே, விரிகின்றது. சமுத்திரத் தளங்களில் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓடு அரிது. இலங்கைப் பாறைகளுட் பெரும்பாலானவையோ 50 கோடி ஆண்டுகளைக் கடந்தவை. கரையினும் கடற்றளம் இளையது. இவ்வுண்மை தமிழியலுக்கும் உரியது. லெமூர் விலங்கின் பரம்பலை விளக்க 1864இல் பிலிப் ஸ்கிளேற்றர் முன்வைத்த ‘லெமூரியா’வைத் தமிழறிஞர் பலர் குமரிக்கண்டமாகக் கொண்டனர். 1981இல் மதுரையில் நடைபெற்ற ஐந்தாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டிலும் அது திரைப்படமாகக் காட்டப்பட்டது. செய்செல்ஸ் போன்ற சிறு கண்டத்துண்டுகள் கடலில் உண்டெனினும், அவை பிரிந்தது மனிதன் தோன்றுவதற்குப் பலகோடி ஆண்டுகள் முன்னராகும். இறையனார் அகப்பொருளுரை முதலியன கூறும் கடல்கோட் செய்திகள் கரையோர மக்களின் அனுபவத்தைச் சுட்டலாம். மூழ்கிய கண்டத்துக்கு அவை சான்றாகா.

புவி பருப்பதில்லையாதலின், ஓரிடத்திற் பிறக்கும் ஓடு பிறிதோரிடத்தில் அமிழ்தல் வேண்டும். இன்று ஓய்ந்துவிட்ட வார்ட்டன் முகட்டிலே கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிறந்த ஓடு சுமாத்திராவுக்கருகே அமிழ்ந்துவருகின்றது. 2004 டிசெம்பர் 26 காலை அவ்வெல்லை 1,200 கிலோமீற்றருக்கு மேல் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. அலை எமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ 2 மணித்தியாலம் சென்றது. ஹவாயிலிருந்த எச்சரிக்கை நிலையம் சுமார் 15 நிமிடங்களிலேயே செய்தி வெளியிட்டது. பசுபிக்குக்கு ஆபத்தில்லை என்பதே அச்செய்தி. 1965 முதல் பசுபிக் நாடுகளுக்கிருந்த சர்வதேச ஏற்பாடு எமது சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர், கல்முனைக்குடியும் பேரழிவுற்றது. அலை வர்க்கமறியாது, ஆயின் அலைக்கு முன்னே குடியிருப்போர் யாரென்பதை நிலவுடைமை பெரிதும் தீர்மானித்தது.

2005இல் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாகியது. இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை ஏற்பாடும் பின்னர் நிறுவப்பட்டது. இவை அவசியமானவை. எனினும் எச்சரிக்கை என்பது மேலிருந்து வரும் கட்டளை. காரணமறிந்தவனே கட்டளை வராதபோதும் செயற்படுவான். நிலம் நீண்டநேரம் நடுங்கினாலோ, கடல் திடீரெனப் பின்வாங்கினாலோ ஏன் உள்நோக்கி ஓடவேண்டும் என்பதைக் கரையோரப் பாடசாலைப் பிள்ளை தமிழிலே, காரணத்தோடு அறிதல் வேண்டும். அதற்கான எளிய நூல்களை எழுதித் தருதல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் முதற் கடமைகளுள் ஒன்றென்பதே எமது துணிபு.